டேப் டிரைவை எந்தப் பெயரில் திறப்பது? எஸ்டி, என்எஸ்டி, எஸ்ஜி, எல்டிஎஃப்எஸ்: ஓர் ஒப்பீடு

வடபழனி, சாலிகிராமம் பக்கம் எடிட்டிங், டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் டிஜிட்டல் கட்டம்) வேலை பார்க்கும் சிறிய ஸ்டூடியோக்களுக்கு, தரவைக் கார்ட்ரிட்ஜில் சேமிக்கும் எல்டிஓ காந்த டேப் மேல் ஆர்வம் வருவது நியாயமானது. ஒரு படத்தின் மூலக் காட்சிகள் பல டெராபைட் போகும். படம் வெளியான பிறகும் அவற்றை அழிக்க மனம் வராது, பல சமயம் ஒப்பந்தமும் விடாது. ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அலமாரியில் வைத்தால் சில வருடம் கழித்து அது சுழலுமா என்ற பயம் இருக்கிறது. எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சுருக்காமலேயே 12 டெராபைட் பிடிக்கும், எல்டிஓ-9-இல் 18. அதனால் டிரைவையும், அதைக் கணினியோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டையும் வாங்கி ஒரு லினக்ஸ் மெஷினில் மாட்டிவிடுகிறார்கள். அப்புறம்தான் ஒரு கேள்வி முளைக்கிறது: மாட்டியது ஒரே ஒரு டிரைவ், சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவுக்குள் அதற்கு ஏன் இத்தனை பெயர்? பேக்கப் மென்பொருளுக்கு இதில் எதைக் கொடுப்பது?

எதைக் கொடுத்தாலும் முதல் நாள் வேலை நடக்கும். இரண்டாவது கோப்பை எழுதும்போதோ, வேலைக்கு நடுவில் கரண்ட் போகும்போதோதான் வித்தியாசம் தெரியவரும். அதனால் என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு, ரீவைண்ட் செய்யாத சாதனத்தை அதன் சீரியல் எண் கொண்ட நிலையான பெயரில் திறந்து, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் வடிவத்தில் எழுதுங்கள். வெளியாருக்குக் கொடுக்கும் பிரதிக்கு, டேப்பை ஃபோல்டர் மாதிரி காட்டும் எல்டிஎஃப்எஸ் நல்லது. ரீவைண்ட் செய்யும் பெயரை எந்த ஸ்கிரிப்டுக்குள்ளும் விடாதீர்கள். எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்தான்: டேப் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்ற நினைவு யாரிடம் இருக்கிறது?

கெர்னல் பார்வையில் டேப்

டிஸ்க்கில் ஒவ்வொரு பிளாக்குக்கும் முகவரி உண்டு. எந்த வரிசையில் கேட்டாலும் கிடைக்கும், அதனால் அதன்மேல் ஃபைல் சிஸ்டம் அமைத்து மவுண்ட் செய்யலாம். டேப்பை லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேரக்டர் சாதனமாக, அதாவது தரவு வரிசையாக வந்துபோகும் சாதனமாக மட்டுமே காட்டுகிறது. அதில் முக்கியமானது 'இப்போது நிற்கும் இடம்'. படித்தால் அந்த இடம் முன்னால் நகரும், எழுதினாலும் நகரும். எழுதிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே இருந்தது எதுவாக இருந்தாலும் அது போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தரவின் முடிவு இனி இதுதான் என்று டிரைவ் குறித்துவிடும், அதைத் தாண்டிப் படிக்க விடாது.

ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பைல்மார்க் என்ற குறி இருக்கும். பழைய ஆடியோ கேசட்டில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரும் மௌனத்தைத் தேடி நிறுத்துவோமே, அதற்குச் சமம். எழுதி முடித்துச் சாதனத்தை மூடும்போது, கெர்னலில் டேப்பைக் கையாளும் பகுதியான எஸ்டி டிரைவர் தானாகவே ஒரு பைல்மார்க்கை எழுதிவிடும். படிக்கும்போது பைல்மார்க் வந்தால் மென்பொருளுக்குப் பூஜ்யம் பைட் கிடைக்கும். அதைக் கோப்பின் முடிவு என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். முன்னால் தள்ளு, பின்னால் இழு, ரீவைண்ட் செய், இடத்தைச் சொல் போன்ற கட்டளைகள் ஐஓசிடிஎல் என்ற கட்டுப்பாட்டு அழைப்புகளாகப் போகின்றன. நாம் டெர்மினலில் அடிக்கும் எம்டி கமாண்ட் செய்வது இதைத்தான்.

சரி, இத்தனை பெயர் ஏன்? கெர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் இரண்டு எண்ணால் அறியும்: டிரைவரைக் குறிக்கும் மேஜர் எண், அதற்குள் சாதனத்தைக் குறிக்கும் மைனர் எண். எஸ்டி டிரைவரின் மேஜர் எண் 9. முதல் டிரைவுக்கு எஸ்டி0 என்ற பெயரின் மைனர் எண் 0, என்எஸ்டி0 என்ற பெயரின் மைனர் எண் 128. ஒரே ஒரு பிட்டில்தான் வித்தியாசம். அந்த பிட் இல்லையென்றால், சாதனத்தை மூடியவுடன் கெர்னல் டேப்பை ஆரம்பத்துக்கு ரீவைண்ட் செய்யும். இருந்தால் நின்ற இடத்திலேயே விட்டுவிடும். பெயருக்குப் பின்னால் எல், எம், ஏ என்று ஒட்டி வருபவை 32, 64, 96 என்ற மைனர் எண்களில் இருக்கும் கூடுதல் மோடுகள். பிளாக் அளவு, சுருக்கம் போன்றவற்றை மோடுக்கு மோடு மாற்றி வைத்துக்கொள்ள அவை உதவும். ரூட் பயனர் வரையறுத்து வைக்காவிட்டால் அவற்றின் வழியாகப் படிக்கவோ எழுதவோ முடியாது. இப்படி ஒரு டிரைவுக்கு எட்டுப் பெயர் ஆகிறது. நமக்கு வேண்டியது முதல் ஜோடி மட்டும்தான், மற்ற ஆறையும் மறந்துவிடலாம்.

மற்ற இயங்குதளங்களும் இதே பிரச்சினையைப் பெயரில்தான் தீர்த்தன. ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்ஏ0 ரீவைண்ட் செய்யும், என்எஸ்ஏ0 செய்யாது, இஎஸ்ஏ0 மூடியவுடன் கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளும். சோலாரிஸில் ஆர்எம்டி அடைவுக்குள் எண்ணோடு 'என்' எழுத்தைச் சேர்த்தால் ரீவைண்ட் கிடையாது.

எஸ்டி0: நினைவே இல்லாத வழி

எஸ்டி0 சாதனத்தில் டேப்பின் இடத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மூடும்போதும் ஆரம்பத்துக்குப் போய்விடும். கார்ட்ரிட்ஜுக்கு ஒரே ஒரு டார் கோப்பு என்று எழுதினால் இது போதும், வசதியும்கூட. ஆனால் ஒரு ஸ்கிரிப்ட் முதல் நாள் படப்பிடிப்பை எழுதி, அடுத்து இரண்டாவது நாளை எழுதினால், இரண்டாவது கோப்பு முதலாவதன் மேல் போய் உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. லாகில் இரண்டு வேலையும் வெற்றி என்றே பதிவாகும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. எஸ்டி0-ஐக் கொடுத்து எம்டி கமாண்டில் ஒரு கோப்பு முன்னால் போகச் சொன்னால், டிரைவ் கடமையாகப் போகும், கமாண்ட் முடிந்ததும் சாதனம் மூடப்படும், உடனே ரீவைண்ட் ஆகிவிடும். அடுத்து வரும் டார் கமாண்ட் பழையபடி ஆரம்பத்தில்தான் தொடங்கும்.

இந்த ஆபத்து மிகப் பெரியது, கிடைக்கும் வசதியோ மிகச் சிறியது. ரீவைண்ட் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு வரி எழுதி நாமே கேட்டுக்கொள்ளலாம். அதனால்தான் எஸ்டி0-ஐ முழுவதுமாக ஒதுக்குகிறேன்.

என்எஸ்டி0: நினைவு கெர்னலிடம்

பக்குலா, பேரியோஸ், அமாண்டா போன்ற பேக்கப் மென்பொருள்கள் எல்லாம் ரீவைண்ட் செய்யாத சாதனத்தையே கேட்கின்றன. வெறும் டார் பயன்படுத்துபவர்களும் அதையே பின்பற்றலாம். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, எஸ்டி டிரைவர் தன் பொறுப்பை நேர்மையாகச் செய்யும் விதம்.

முதலாவது, ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது இன்னொரு மென்பொருள் திறக்கப் பார்த்தால், சாதனம் பிஸி என்று திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பேர் ஒரே டேப்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்க முடியாது. இரண்டாவது இன்னும் முக்கியம். எஸ்ஏஎஸ் கேபிள் தளர்ந்தோ, வேறு காரணத்தாலோ டிரைவ் ரீசெட் ஆனால், டேப் எங்கே நிற்கிறது என்பது கெர்னலுக்குத் தெரியாமல் போகும். அப்போது டிரைவர் ஊகித்துத் தொடர்வதில்லை. ரீவைண்ட் போன்ற ஒரு கட்டளையால் இடத்தை நாம் மறுபடி நிலைநிறுத்தும்வரை படிப்பதற்கும் எழுதுவதற்கும் பிழையையே தரும். ராத்திரி ஓடிய வேலை பிழையில் நிற்பதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் தப்பான இடத்தில் அமைதியாக எழுதிவிட்டுப் போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

டேப் முடியப்போகும் நேரத்திலும் இதே ஒழுங்கு உண்டு. முடிவுக்கு முன்னெச்சரிக்கைக் குறி வந்ததும் நடந்துகொண்டிருக்கும் எழுத்தை முடித்துக் கொடுத்து, அடுத்த எழுத்துக்கு இடமில்லை என்ற பிழையைத் தரும். அதற்கடுத்த எழுத்தை மறுபடி அனுமதிக்கும், மென்பொருள் தன் இறுதிக் குறிப்பை எழுதிக்கொள்ளட்டும் என்பதற்காக.

குறை இல்லாமல் இல்லை. டார் வடிவத்துக்கு அட்டவணை கிடையாது. 12 டெராபைட்டை ஒரே டார் கோப்பாக எழுதி, கடைசியில் இருக்கும் ஒரு ஷாட் வேண்டுமென்றால், நொடிக்கு 360 மெகாபைட் என்ற முழு வேகத்திலும் எல்டிஓ-8 ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். எனவே படப்பிடிப்பு நாளுக்கு ஒன்று, அல்லது ரோலுக்கு ஒன்று என்று பிரித்து எழுதுங்கள். பைல்மார்க்கைத் தாண்டிப் போகச் சொன்னால், நடுவில் இருக்கும் தரவை மெஷினுக்குள் கொண்டுவராமல் டிரைவே வேகமாக அங்கே போய்விடும். எத்தனையாவது கோப்பில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை எழுதும்போதே தனியாகச் சேமித்துவிட வேண்டும். அதை டிஸ்க்கிலும் வையுங்கள், அச்சடித்துப் பெட்டிக்குள்ளும் வையுங்கள்.

பிளாக் அளவு பலரைக் குழப்பும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாறும் பிளாக் மோடில், ஒரு முறை படிக்கச் சொன்னால் டேப்பில் இருக்கும் ஒரு பிளாக் அப்படியே வரும். கொடுத்த இடம் அந்த பிளாக்கைவிடச் சிறியதாக இருந்தால், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்ற பிழை வரும். டார் தன்போக்கில் 10,240 பைட் பிளாக்குகளை எதிர்பார்க்கும். ஒரு மெகாபைட் பிளாக்கில் எழுதிய டேப்பை எந்த அளவும் குறிப்பிடாமல் படிக்கப் போனால் இந்தப் பிழைதான் கிடைக்கும். செய்தியைப் பார்த்து ரேம் போதவில்லை என்று நினைத்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெமரி வாங்க ஓட வேண்டாம். டார் கமாண்டுக்குச் சிறிய 'பி' விருப்பத்தில் 2048 என்று கொடுத்தால் போதும். அது 512 பைட் அலகில் கணக்கிடுவதால் சரியாக ஒரு மெகாபைட் ஆகும். அளவு தெரியாத டேப் கைக்கு வந்தால், டிடி கமாண்டில் பெரிய பிளாக் அளவைக் கொடுத்து ஒரே ஒரு பிளாக்கைப் படியுங்கள். எத்தனை பைட் வந்தது என்று அது காட்டும் எண்ணே விடை.

அப்புறம் வேகம். டிரைவுக்குத் தரவு தொடர்ச்சியாக வந்துகொண்டிருக்க வேண்டும். வரத்து குறைந்தால் டிரைவ் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் போதாவிட்டால் நின்று, பின்னால் வந்து, மறுபடி ஓடும். நேரமும் வீண், டேப்பும் தேயும். நெட்வொர்க் வழியாகச் சேமிக்கும் நாஸ் பெட்டியிலிருந்து ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் அதிகபட்சம் நொடிக்கு 125 மெகாபைட்கூட வராது. எனவே முதலில் உள்ளூர் எஸ்எஸ்டிக்கு இறக்கி, அங்கிருந்து டேப்புக்கு எழுதுவது நல்லது. இது எந்தப் பெயரில் திறந்தாலும் பொருந்தும்.

எண்ணை நம்பாதீர்கள்

என்எஸ்டி0 என்ற பெயரில் இருக்கும் பூஜ்யம், கெர்னல் சாதனங்களைக் கண்டுபிடித்த வரிசை மட்டுமே. இரண்டு டிரைவ் இருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு 0-வும் 1-ம் இடம் மாறியிருக்கலாம். மழைக்காலத்தில் நம் ஊரில் சர்வர் மறுபடி ஆன் ஆவது அபூர்வமான நிகழ்ச்சி அல்ல. சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் இதற்காகவே டெவ் அடைவுக்குள் டேப் என்றொரு துணை அடைவையும், அதற்குள் பை-ஐடி என்ற அடைவையும் உருவாக்குகிறது. டிரைவின் அடையாள எண் அங்கே பெயராக இருக்கும், ரீவைண்ட் செய்யாததற்குக் கடைசியில் என்எஸ்டி என்று ஒட்டியிருக்கும். ஸ்கிரிப்டிலும் பேக்கப் மென்பொருளின் அமைப்பிலும் இந்த நீளமான பெயரையே எழுதுங்கள். ஒரே ஒரு டிரைவ் வைத்திருப்பவர்களும் இப்போதே பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது டிரைவ் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

எஸ்ஜி: நினைவு மென்பொருளிடம்

அதே டிரைவ் எஸ்ஜி3 மாதிரி இன்னொரு பெயரிலும் தெரியும். எல்எஸ்ஸ்கஸி கமாண்டை சிறிய 'ஜி' விருப்பத்தோடு ஓட்டினால் எந்த எஸ்டிக்கு எந்த எஸ்ஜி என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இது ஸ்கஸி (டிரைவுக்குப் புரியும் அடிப்படை மொழி) கட்டளைகளை நேராக டிரைவுக்கு அனுப்பும் வழி. இங்கே கெர்னல் தபால்காரர் வேலை மட்டுமே பார்க்கும். மூடும்போது பைல்மார்க் எழுதாது, இடத்தைக் கணக்கு வைக்காது, ரீசெட் ஆனதை மென்பொருளே கவனித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஸ்கிரிப்டுகளில் இந்த வழியைத் தரவு எழுதப் பயன்படுத்தவே வேண்டியதில்லை. ஆனால் தவிர்க்கவும் முடியாது. டேப் லைப்ரரியில் கார்ட்ரிட்ஜை மாற்றும் ரோபோவை எம்டிஎக்ஸ் கமாண்ட் இந்த வழியாகத்தான் இயக்குகிறது. டிரைவின் உடல்நிலையைக் கேட்பதும் இந்த வழியில்தான் வழக்கம்.

கவனிக்க வேண்டியது: எஸ்டி வழியில் இருக்கும் பூட்டு எஸ்ஜியைத் தடுக்காது. பேக்கப் மென்பொருள் என்எஸ்டியைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு நிரல் எஸ்ஜி வழியாக ரீவைண்ட் கட்டளையை அனுப்ப முடியும். எஸ்டி டிரைவர் வைத்திருக்கும் கணக்கு அந்த நொடியில் பொய்யாகிவிடும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் டேப்பை நகர்த்தாமல் லாக் மட்டும் படித்தாலும் சிக்கல் உண்டு. டேப் அலர்ட் என்ற எச்சரிக்கைக் குறிகள் பொதுவாக ஒருமுறை படித்தவுடன் அழிந்துவிடும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் முதலில் படித்துவிட்டால், ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும் எச்சரிக்கை பேக்கப் மென்பொருளின் கண்ணில் படாமலே போகலாம். ஒரு நேரத்தில் ஒரே வழி, இதை அலுவலக விதியாகவே வையுங்கள்.

எல்டிஎஃப்எஸ்: நினைவு டேப்பிலேயே

2010-இல் எல்டிஓ-5 வந்தபோது ஐபிஎம் கொண்டுவந்தது எல்டிஎஃப்எஸ். ஒரு கார்ட்ரிட்ஜில் இரண்டு பகுதிகள்: ஒன்றில் அட்டவணை, மற்றதில் தரவு. மவுண்ட் செய்தால் சாதாரண ஃபோல்டர் மாதிரி தெரியும். கெர்னல் டேப்பை ஃபைல் சிஸ்டமாகப் பார்ப்பதில்லை என்றேனே, அதை மீறவில்லை. ஃப்யூஸ் என்ற வசதி மூலம் பயனர் பகுதியில் ஓடும் ஒரு நிரல் அந்தத் தோற்றத்தைத் தருகிறது. திறந்த மூல எல்டிஎஃப்எஸ், லினக்ஸில் டிரைவோடு எஸ்ஜி வழியாகத்தான் பேசுகிறது. ஆகவே மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்: எல்டிஎஃப்எஸ் மவுண்ட் ஆகியிருக்கும்போது என்எஸ்டியைத் தொடாதீர்கள்.

பெரிய லாபம், எழுதிய ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் படிக்க முடியும். மும்பையில் இருக்கும் விநியோகஸ்தர் மேக் வைத்திருந்தாலும், ஹைதராபாத் லேப் விண்டோஸ் வைத்திருந்தாலும் திறந்து பார்க்கலாம். பிளாக் அளவு என்ன, எத்தனையாவது கோப்பு என்ற போன் கால்கள் வராது. இது ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டிருக்கிறது. டெலிவரி டேப்புக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் சொந்த ஆவணப் பிரதிக்கு எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, எழுதிக்கொண்டே போகும்போது புதிய அட்டவணை இடையிடையேதான் டேப்பில் பதியும். ஐபிஎம் பதிப்பில் வழக்கமான இடைவெளி 5 நிமிடம். சரியாக அன்மவுண்ட் ஆவதற்குள் மின்சாரம் போனால் கடைசி அட்டவணைக்குப் பிறகு வந்தவை தொங்கலில் நிற்கும். எல்டிஎஃப்எஸ்சிகே கமாண்டால் பெரும்பாலும் மீட்கலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். மெஷினுக்கு மட்டுமல்ல, வெளியே வைத்த டேப் டிரைவுக்கும் சேர்த்து யுபிஎஸ் இருந்தால் இந்தத் தயக்கம் பாதியாகக் குறையும்.

இரண்டாவது, கோப்புகளின் எண்ணிக்கை. டிஐ முடிந்த படத்தை, ஃபிரேமுக்கு ஒரு கோப்பு என்ற டிபிஎக்ஸ் வடிவத்தில் வைத்தால், 2 மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 24 வீதம் 1,72,800 கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு பதிவு, அந்த அட்டவணை ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதப்பட வேண்டும். திறக்கும்போது ஃபைல் மேனேஜர் சின்னப் படங்களைக் காட்ட முயன்றால் டேப் முன்னும் பின்னும் ஓடிக் களைத்துப்போகும். ஃபிரேம்களை ரீல் வாரியாக டார் ஆக்கி, அந்த டார் கோப்புகளை எல்டிஎஃப்எஸ்ஸுக்குள் வைப்பது நல்ல நடுவழி. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: கோப்பை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது, கார்ட்ரிட்ஜை மறுபடி ஃபார்மேட் செய்தால்தான் உண்டு.

ஐபிஎம் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு லின்டேப் என்ற தனி டிரைவர் உண்டு. பெரிய நிறுவனங்களில் ஒரு பாதை அறுந்தால் இன்னொன்றுக்கு மாறும் வசதிக்காகப் போடுகிறார்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் அதையும் சேர்த்து கம்பைல் செய்ய வேண்டும். ஒற்றை டிரைவ் ஸ்டூடியோவுக்குத் தேவையே இல்லை.

எப்போது என் முடிவு மாறும்

டெர்மினலைத் திறக்க ஆளே இல்லாத ஸ்டூடியோ என்றால், டார் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பயனில்லை. அங்கே யுபிஎஸ்ஸோடு எல்டிஎஃப்எஸ் போதும். கார்ட்ரிட்ஜ்கள் நூறைத் தாண்டினால் கையால் பட்டியல் வைப்பது முடியாத காரியம், பக்குலா மாதிரி ஒன்றிடம் என்எஸ்டியைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதன் தரவுத்தளத்தையும் பேக்கப் எடுங்கள். டேப்பில் அது எழுதுவது அதற்கே உரிய வடிவம், டார் கமாண்டால் படிக்க முடியாது.

எந்த வழியானாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சென்னைக்கு வெளியே வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த தண்ணீரையும் பார்த்த ஊர் இது. நீண்ட காலச் சேமிப்புக்கு டேப் கேட்பது 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும். நம் கடற்கரைக் காற்று அதற்கு ஒத்துவராது, ஏசி அறை கட்டாயம்.

கடைசியாக, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ் அட்டையிலும் எழுத வேண்டியவை: எழுதிய வடிவம் டாரா எல்டிஎஃப்எஸ்ஸா, பிளாக் அளவு, மொத்தம் எத்தனை கோப்பு, எந்தத் தலைமுறை டிரைவில் எழுதியது. கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜைப் படிக்கும், எல்டிஓ-6-ஐப் படிக்காது. எழுதிய அன்றே வேறொரு மெஷினில், வேறொருவர் கையால், அட்டையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்து நடுவில் இருக்கும் ஒரு கோப்பை மீட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது நடந்த பிறகு டிஸ்க்கில் இருக்கும் மூலத்தை அழிக்கலாம்.